தனலெட்சுமி விற்றுத் தராத வீடு

தம்புசாமியின் வீடு லேலோங்குக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தனலெட்சுமி அக்காவின் ஆசை. அதை அவர் புருஷனிடம் மறைக்கவில்லை. வீட்டில் வாடகைக்கு இருக்கும் என்னிடமும் மறைக்கவில்லை. தம்புசாமியிடம் மட்டும் மறைத்தார்.

லேலோங் என்றால் ஏலம். கடன் கட்ட முடியாத வீட்டை வங்கி எடுத்து ஏலத்தில் விடுவதற்குச் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான். நான் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வந்தவன். பெட்டாலிங் ஜெயாவில் கம்ப்யூட்டர் வேலை, பிரிக்பீல்ட்ஸில் அக்காவின் அடுக்குமாடி வீட்டில் பின்னறை. விசா புதுப்பிக்கும் மாதம் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. யாரோ ஒருவர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது என்று பேச்சு வந்தாலே என் காது அந்தப் பக்கம் போய்விடும். அதனால் அக்காவின் தொழிலும் அவருடைய பகையும் எனக்கு ஓரளவு நன்றாகவே தெரியும்.

அக்கா வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்ட். அதிலும் யாரும் விரும்பாத ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டவர். ஒருவர் வங்கிக்குக் கட்ட வேண்டிய கடன் பெரிது, வீடு போகிற விலை சிறிது என்று வைத்துக்கொள்வோம். லேலோங்குக்கு விட்டால் இன்னும் அடிமாட்டு விலைக்குப் போகும். அதற்கு முன்னால், கடனைவிடக் குறைந்த விலைக்கு வாங்க ஓர் ஆளைப் பிடித்து, "இதை வாங்கிக்கொண்டு மிச்சத்தில் தயவு காட்டுங்கள்" என்று வங்கியைச் சம்மதிக்க வைக்க வேண்டும். வங்கி உடனே தலையாட்டாது. தன் மதிப்பீட்டாளரை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லும். அவர் சொல்லும் விலையும் வாங்குகிறவர் சொல்லும் விலையும் ஏறக்குறைய ஒத்துப்போனால் சம்மதம் கிடைக்கும். மதிப்பு கூடிப்போனால் கதவு மூடிக்கொள்ளும்.

இதில் நம் ஆட்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. வீட்டுக்கு ஆபீசர் வருகிறார் என்றால் சும்மா இருக்க மாட்டார்கள். ஒழுகின கறையை மறைத்துப் பெயிண்ட் அடிப்பார்கள், திரைச்சீலை மாற்றுவார்கள், வந்தவருக்குக் கலர் ஊற்றிக் கொடுத்து, "கிச்சன் போன வருஷம்தான் எடுத்துக் கட்டுனோம்" என்று பெருமை பேசுவார்கள். அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டு போய் விலையைக் கூட்டிப் போடுவார். பெருமைக்குப் பெயிண்ட் அடித்து வீட்டைப் பறிகொடுத்த குடும்பங்களை அக்கா நிறையப் பார்த்திருக்கிறார். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் முதலில் சொல்வது, "வீட்டைத் தொடாதீங்க. அழுக்கு அழுக்காவே இருக்கட்டும்."

அக்காவே ஒரு வீட்டைப் பறிகொடுத்தவர்தான்.

கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரில் மாடி இல்லாத ஒரு தொடர் வீடு. அவர் கணவர் இராமலிங்கம் தொழிற்சாலை லோரி ஓட்டினார். ஒரு மழைநாளில் லோரி கவிழ்ந்து கால் நசுங்கியது. கடன் தவணை நின்றது. அந்தக் காலத்தில் அக்கா வீட்டு வேலையைத் தவிர எதுவும் அறியாதவர். தாமான் என்கிற அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கி விற்றுவந்தவர் தம்புசாமி, கிள்ளானில் ஒரு கோவில் கமிட்டியிலும் இருந்தார். "அண்ணே, எப்படியாச்சும் லேலோங்குக்கு முந்தி வித்துக் குடுங்க" என்று அக்கா அவரிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். அக்கா கணவரோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நாள் தம்புசாமி ஒரு சூப்பர்வைசரைக் கூட்டி வந்து காட்டினார். அவருக்கு வீடு பிடித்துப்போனது. பிறகு அவர் திரும்ப வரவே இல்லை. வீடு லேலோங்குக்குப் போனது. முதல் தடவை ஆள் வரவில்லை, விலையைக் குறைத்தார்கள். மறுபடி வரவில்லை, மறுபடி குறைத்தார்கள். கடைசியில் யாரோ வாங்கினார்கள். விற்ற பணத்துக்கும் கடனுக்கும் இடையிலிருந்த பள்ளம் இராமலிங்கம் தலையில் விழுந்தது. அவரைத் திவால் என்று அறிவித்தார்கள். திவாலானவர் அனுமதியில்லாமல் நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது. மகள் தாமரை சிங்கப்பூரில் தாதியர் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கியபோது அக்கா மட்டும் பஸ் ஏறிப் போய் வந்தார்.

அதன் பிறகுதான் அக்கா இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். சில வருடங்கள் கழித்து ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருந்தபோது, வாங்க வந்த மனிதர் பின்னறை வாசலிலேயே நின்றுவிட்டாராம்.

"இந்த வீட்டுல யாரும் தூக்குப் போட்டுக்கலையே, மேடம்?"

"ஏன் சார் அப்படிக் கேக்கறீங்க?"

"முன்ன மேருவுல ஒரு வீடு பார்த்தேன். ரொம்பப் பிடிச்சிருந்தது. பின்ரூம்புல ஒரு பொம்பளை தொங்கிட்டான்னு ஏஜெண்டே என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போய்ச் சொன்னாரு. நல்ல மனுஷன். இல்லாட்டி மாட்டியிருப்பேன்."

எந்த வீடு, எந்த ஏஜெண்ட் என்று அக்கா விசாரித்தார். அக்காவின் வீடேதான், ஏஜெண்ட் தம்புசாமி. அந்தப் பின்ரூம்பு தாமரை படிக்கும் அறை, அங்கே யாரும் சாகவில்லை. லேலோங்குக்கு ஆள் வராதபடி தாமான் முழுக்க அதே கதையைப் பரப்பிவிட்டு, விலை விழுந்ததும் மைத்துனன் பேரில் வாங்கி, அந்த வருடமே நல்ல விலைக்கு விற்றவர் தம்புசாமி என்பதும் அப்புறம் தெரிந்தது.

"அன்னைக்கு அந்த சாருக்கு வீட்டைக் காட்டி முடிச்சேன் தம்பி. வித்தும் குடுத்தேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிச்சேன். செத்தவ நானா தாமரையான்னு யோசிச்சிக்கிட்டே குளிச்சேன்" என்றார் அக்கா.

தம்புசாமி அக்காவைத் தேடி வந்தது பெருந்தொற்றுக்குப் பிறகு. லேலோங்கில் வாங்கின வீடுகளைக் கடன்மேல் கடனாக வைத்திருந்தவர். ஊரடங்கில் வாடகைக்காரர்கள் கையை விரித்தார்கள். ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் அவர் குடியிருந்த வீட்டுக்கும் வங்கியிலிருந்து ஆள் வந்துவிட்டது. கிள்ளானில், மேரு போகும் வழியில், மூலையில் நிற்கும் இரண்டு மாடி வீடு.

எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில்தான் சந்தித்தார்கள். நான் அக்காவுடன் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போகப் பார்த்தேன். அக்கா என் இலையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"யாரு, மருமவனா?" என்றார் தம்புசாமி.

"வாடகைக்கு இருக்கிற தம்பி. இந்தியாவுலேருந்து வந்திருக்காரு."

"அங்க வீடு கீடு கட்டுறீங்களா தம்பி? லோன் மட்டும் எடுத்துடாதீங்க. என்னைப் பாருங்க." சிரித்தார். நல்ல சிரிப்பு. வெறுக்க வேண்டும் என்று உட்கார்ந்திருந்த எனக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது.

"சொல்லுங்கண்ணே" என்றார் அக்கா.

"உனக்குத்தான் தெரியுமே, தனம். லேலோங்குக்கு முந்தி யாருக்காச்சும் தள்ளிவிடணும். வேற ஏஜெண்ட்னா நாளைக்கே கேட்டுல போர்டு மாட்டிடுவான். நீன்னா நம்ம வீட்டுப் பொண்ணு. சத்தமில்லாம முடிச்சிக் குடுப்ப."

"வீட்டுல சொல்லியாச்சா?"

"ராஜம்மாகிட்டயா? இல்ல லா. கோவில் தலைவர் பெண்டாட்டின்னு நடக்கிறவ. சொன்னா அன்னைக்கே விழுந்துடுவா. அவ உன்னைப் பார்த்ததில்ல, நீ வர்றப்ப இன்சூரன்சுலேருந்து வர்றேன்னு சொல்லிடு. வித்து முடிஞ்சதும் வீடு மாத்துறோம்னு நான் பக்குவமா சொல்லிக்கிறேன்."

"சரிண்ணே."

"பழசெல்லாம் மனசுல வச்சிக்காதே, தனம். உன் வீடு போனது எனக்கும் கஷ்டம்தான். என்னால ஆனதைச் செஞ்சேன்."

"தெரியும்ணே. மோர் ஊத்திக்குங்க."

அவர் போன பிறகு அக்கா இலையை மடித்துவிட்டு வெகுநேரம் கை கழுவினார்.

அன்று சாயங்காலம் இராமலிங்கம் அண்ணன் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வித்துக் குடுத்துட்டு கமிஷனை வாங்கிக்க, தனம். அவன் உன்கிட்ட வந்து நின்னதே போதும்."

"போதுமா? நாமளும்தான் அவன்கிட்ட போய் நின்னோம். அது அவனுக்குப் போதலையே."

"விட்டுடு லா."

"நீங்க விட்டுட்டீங்க. அதான் நான் வச்சிருக்கேன்."

அண்ணன் சத்தத்தை மறுபடி கூட்டினார். அக்கா அடுப்படி வாசலில் நின்று, என்னைப் பார்த்து, "அவன் சாமான் ரோட்டுல நிக்கணும். பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னல் வழியா பார்க்கணும். அவ்வளவுதான் தம்பி நான் கேக்கிறது" என்றார். பாசாரில் கீரை கேட்பது போன்ற குரல்தான்.

முதலில் அக்கா செய்தது எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே வாங்குவதற்கு ஆளைப் பிடித்தார். விமலன் என்ற பள்ளி ஆசிரியரும் அவர் மனைவி விஷ்ணுப்ரியாவும். முதல் குழந்தைக்குக் காத்திருந்த தம்பதி. இராஜம்மா இல்லாத நேரத்தில் தம்புசாமியே காட்ட, வீட்டைப் பார்த்து, விலை சொல்லி, கையெழுத்தும் போட்டார்கள். தம்புசாமிக்கு உயிர் வந்தது. தினமும் போன் செய்து அக்காவை வாழ்த்தினார்.

"ஆளே கிடைக்கலைன்னு சொல்லியிருக்கலாமே, அக்கா" என்று கேட்டேன்.

"அப்படிச் சொன்னா அவன் வேற ஏஜெண்டுகிட்ட போவான். அதுவுமில்லாம, எனக்கு ஒரு ஆளைக் காட்டித்தானே பறிச்சான். ஆசை காட்டாம எப்படி?"

மதிப்பீட்டாளர் வருவதற்கு முன்னால் வீட்டைப் படம் எடுக்க அக்கா கிள்ளானுக்குப் போனார். சனிக்கிழமை என்பதால் நானும் காரில் போனேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. இராஜம்மா கேட்டைத் திறந்துவிட்டார். குண்டான, சிரித்த முகம். முன்கட்டில் வரிசையாகப் பலகாரத் தகரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

"இன்சூரன்ஸ் பொண்ணா? வா மா. இவரு சொன்னாரு. தம்பியும் உங்க ஆபீஸா?"

நான் தலையை ஆட்டினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

மாடியில் கூரை ஒழுகி இரண்டு அறைகளில் பச்சைக் கறை படிந்திருந்தது. சமையலறைச் சுவரில் ஒரு விரிசல் தரைவரை ஓடியது. விமலன் சொன்ன விலைக்கு இந்த இரண்டும் போதும். வங்கி மறுப்பு சொல்லாது. வேறு எந்த வீடாக இருந்தாலும் அக்கா இந்த இடத்தில்தான், "வீட்டைத் தொடாதீங்க" என்று சொல்லியிருப்பார்.

"தீபாவளி வருதேக்கா, பெயிண்ட் அடிக்கலையா?" என்று கேட்டார்.

இராஜம்மாவின் முகம் சிறுத்துப்போனது. "இந்த வருஷம் வேணாம்ங்கிறாரு மா. ஏன்னு கேட்டா எரிஞ்சு விழுறாரு."

"வேணாமா? கோவில் ஆளுங்கள்லாம் வருவாங்களே. தலைவர் வீட்டுச் செவுரு இப்படியா இருக்கும்?"

"நானும் அதைத்தான் சொல்றேன்."

"அடுத்த வாரம் எங்க ஆபீசுலேருந்து ஒரு என்சிக் வீட்டைப் பார்க்க வருவாருக்கா. மலாய்க்கார ஆபீசர். கொஞ்சம் நல்லா கவனிச்சி அனுப்புங்க."

"அடுத்த வாரமா?" இராஜம்மா கறையைப் பார்த்தார். விரிசலைப் பார்த்தார். "என் கைக்காசுல அடிச்சிடுறேன். இவரு என்ன சொல்லிடப் போறாரு."

காரில் திரும்பும்போது அக்கா பாட்டு வைத்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்புசாமி போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். இராமலிங்கம் அண்ணன் எழுந்து போகவில்லை, கேட்கவும் விரும்பாதவர்போல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனம், ராஜம்மா பெயிண்டுக்காரனக் கூட்டிட்டு வந்துட்டா. மேல் ரூமெல்லாம் அடிச்சாச்சு. விரிசலைப் பூசிட்டான். வேல்யூவர் வந்தா விலையை ஏத்திடுவான்மா. தேதியைத் தள்ளிப் போடேன்."

"பேங்க் குடுத்த தேதிண்ணே. நீங்க அக்காகிட்ட சொல்லி நிறுத்துங்களேன்."

"என்னன்னு சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க."

போனில் பின்னால் எங்கோ இராஜம்மா பெயிண்டுக்காரரிடம், "அங்க விட்டுட்டியே பாய், அந்த மூலை" என்று சொல்வது கேட்டது.

"பார்க்கிறேன்" என்று தம்புசாமி வைத்துவிட்டார்.

அண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே, "தேதியை மாத்த முடியாதா?" என்று கேட்டார்.

"ஒரு போன் போட்டா மாத்திடலாம்."

"போடு."

"போட மாட்டேன். நான் அவனை மாட்டி விடலைங்க. இப்பவும் பெண்டாட்டிகிட்ட வாயைத் திறந்தா வீடு நிக்கும். திறக்கட்டும்."

தம்புசாமி திறக்கவில்லை. மதிப்பீட்டாளர் வந்த அன்று அவர் கோவிலில் வேலை இருக்கிறது என்று வீட்டைவிட்டே போய்விட்டார். அக்கா மட்டும் இருந்தார். இராஜம்மா புதுச் சேலை கட்டி, முறுக்கும் அதிரசமும் தட்டில் அடுக்கி, அந்த மனிதரை மலாயில் பேசிப் பேசி ஒவ்வொரு அறையாகக் கூட்டிப் போனாராம். கருங்கல் பதித்த சமையல் மேடையைத் தட்டிக் காட்டினாராம். கூரை புதிது என்றாராம். பின்கட்டை எடுத்துக் கட்டினதற்கு நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்கிய கதையை முதலிலிருந்து சொன்னாராம். அவர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். போகும்போது ஒரு தகரம் நிறைய முறுக்கும் கொடுத்தனுப்பினார் இராஜம்மா. அக்காவுக்கும் ஒரு தகரம்.

அதைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டு அக்கா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அண்ணன் அந்த முறுக்கைத் தொடவில்லை. நான் இரண்டு தின்றேன். நன்றாக இருந்தது என்று சொல்ல வாய் வரவில்லை.

வங்கி மறுத்துவிட்டது. விமலனால் விலையைக் கூட்ட முடியவில்லை. தம்புசாமி அவர் வேலை செய்யும் பள்ளிக்கூட வாசலுக்கே போய்க் கெஞ்சிப் பார்த்தார். அக்கா ஒழுங்காக மேல்முறையீடு எழுதிப் போட்டு, அதற்கும் மறுப்பு வந்ததும், "என்னால இதுக்கு மேல முடியாதுண்ணே" என்று ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். விமலனுக்கும் விஷ்ணுப்ரியாவுக்கும் மட்டும் செராஸில் வேறு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார். கமிஷன் வாங்கவில்லை. அதைப் பற்றி நான் கேட்டபோது, "அதுங்க என்ன பண்ணுச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

தீபாவளி முடிந்து சில வாரங்கள் போயிருக்கும். அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"இன்சூரன்ஸ் பொண்ணு தானே மா? நான் ராஜம்மா."

"சொல்லுங்கக்கா."

"கேட்டுல யாரோ நோட்டீசு ஒட்டிட்டுப் போயிட்டாங்க மா. கோர்ட்டு முத்திரை, சாப்பு குத்தியிருக்கு. பக்கத்து வீட்டு ஜீவன்தான் படிச்சிட்டு லேலோங்குன்னு சொல்றான். வீடு மாறி ஒட்டிட்டாங்க போல. இவரு போனை எடுக்கல. உனக்கு இந்த ஆபீசுங்களப் பத்தித் தெரியுமே, யார்கிட்ட போய்க் கேக்கிறதுன்னு சொல்லு மா."

அக்காவின் கத்தி நின்றது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

"வீடு மாறலக்கா. உங்க வீட்டுக்காரரக் கேளுங்க" என்றார்.

வைத்துவிட்டு மீதிப் பயற்றங்காயையும் நறுக்கினார். அன்று பொரியலில் உப்பு இல்லை.

ஏலம் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஏர்கோன் சத்தம். முதல் தடவை அக்கா சும்மா பார்க்கப் போனார். ஆள் வரவில்லை. வரவில்லை என்றால் அடுத்த தடவை விலையைக் குறைப்பார்கள்.

"இப்பவே வாங்கிடலாமேக்கா" என்றேன். தாமரையின் பேரில் வாங்குவது என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். சிங்கப்பூரில் சேர்த்த பணத்தை அவள் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

"விலை எறங்க எறங்க மிச்சக் கடன் அவன் தலைமேல ஏறும். எறங்கட்டும்."

இரண்டாவது தடவையும் இறங்கியது. மூன்றாவது தடவை அக்கா கையைத் தூக்கினார். இன்னொருவர் சற்று நேரம் போட்டி போட்டுவிட்டு விட்டுக்கொடுத்தார். சுத்தியல் விழுந்ததும் அக்கா திரும்பினார். கடைசி வரிசையில் தம்புசாமி நின்றுகொண்டிருந்தார். வந்தது எனக்கும் தெரியாது. சட்டை தொளதொளவென்றிருந்தது.

அவர் பக்கத்தில் வந்து, "நீயா?" என்றார்.

"ஆமாண்ணே. வாங்குறதுக்கு முந்தி ஒண்ணு கேட்டிருக்கணும். அந்த வீட்டுல யாரும் தூக்குப் போட்டுக்கலைல்ல?"

தம்புசாமிக்கு உடனே புரிந்துவிட்டது. உதட்டை நனைத்துக்கொண்டார்.

"நான் வாங்கலைன்னா வேற எவனாச்சும் வாங்கியிருப்பான், தனம்."

"நானும் வாங்கலைன்னா வேற எவனாச்சும் வாங்கியிருப்பான்."

"ராஜம்மா உனக்கு என்ன செஞ்சா?"

அக்கா கைப்பையை மூடினார். "என் மக உங்களுக்கு என்ன செஞ்சா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட மேசைக்குப் போனார். தம்புசாமி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்குவதை நான்தான் பார்த்தேன்.

மிச்சப் பணம் கட்டி, பத்திரம் மாறுவதற்குச் சில மாதங்கள் ஆயின. அவர்களை வெளியேற்ற வழக்குப் போட வேண்டியிருக்கும் என்று அக்கா நினைத்தார். அதற்குள் வீடு காலியாகிவிட்டது என்று தகவல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனோம். இராமலிங்கம் அண்ணனைக் கூப்பிட்டதற்கு, கால் வலி என்றார்.

கதவைத் திறந்ததும் பூட்டுக்காரர், "அல்லாமா" என்று பதறிப் பின்வாங்கினார்.

சுவரிலிருந்து மின்கம்பிகளை உருவியிருந்தார்கள். கதவுகள் இல்லை. கழிப்பறைக் குழிகளில் சிமெண்ட் ஊற்றி அது கல்லாகியிருந்தது. மாடிப்படியின் ஓடுகள் ஒவ்வொன்றாக உடைந்திருந்தன. தீபாவளிப் பெயிண்ட்மேல் முழுக்கக் கருப்பு எண்ணெயை வீசியிருந்தார்கள். சமையல் மேடையின் கருங்கல் நடுவில் பிளந்து இரண்டாகக் கிடந்தது. லேலோங்கில் வீடு இழந்தவர்கள் சிலர் இப்படிச் செய்வதுண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்தபோது யாரோ இன்னும் உள்ளே இருப்பதுபோல் இருந்தது. போய்விடலாம் என்றேன்.

அக்கா போகவில்லை. ஒவ்வொரு அறையாக நின்று நின்று பார்த்தார். சிமெண்ட் குழியைக் குனிந்து பார்த்தார். பிளந்த கருங்கல்லைக் கையால் தடவினார். அவர் முகம் இவ்வளவு தெளிந்து நான் பார்த்ததில்லை.

"வலிச்சிருக்கு தம்பி. நல்லா வலிச்சிருக்கு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மேரு வீட்டைக் கழுவித் துடைச்சேன். ஜன்னல் கண்ணாடிக்குப் பேப்பர் போட்டுத் தேய்ச்சேன். அசிங்கமா விட்டுட்டுப் போனாங்கன்னு பேர் வரக்கூடாதுன்னு. வாங்குனவங்களுக்குக் குடுக்கச் சொல்லி மிச்சச் சாவியை அவன் கையிலேயே குடுத்துட்டு, ரொம்ப நன்றிண்ணேன்னு சொன்னேன். சுத்தியலை எடுக்கணும்னு எனக்குத் தோணலை பாருங்க. அவனுக்குத் தோணியிருக்கு."

வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு ஜீவன் வேலியோரம் நின்றிருந்தார். நடுத்தர வயது மனிதர், கையில் தேநீர்க் கோப்பை.

"நீங்கதான் வாங்குனீங்களா ஆன்டி? உள்ள மோசமா?"

"நல்லா செஞ்சிருக்காரு, உங்க தலைவரு" என்றார் அக்கா.

"அங்கிளா? அங்கிள் இல்ல. ராஜம்மா ஆன்டி. ரெண்டு நாள் அவங்க ஒருத்தரே. சிமெண்ட் மூட்டையைக் கூட அவங்கதான் இழுத்துட்டுப் போனாங்க. அங்கிள் முன்னாடி நின்னு போதும் ராஜம்மா, போதும் ராஜம்மான்னு கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே இருந்தாரு. ஆன்டி நிறுத்தலை. அந்த நோட்டீசு ஒட்டுன நாள்லேருந்தே ஆன்டி அவர்கிட்ட பேசுறதில்ல."

அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப எங்க இருக்காங்க?"

"ஆன்டி தனியா போயிட்டாங்க. அவங்க தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னாங்க. சாமானெல்லாம் ரோட்டுல ரெண்டா பிரிச்சி வச்சாங்க, அவருது தனி, இவங்களுது தனி. நாங்கள்லாம் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தோம். யாருக்கும் வெளிய வரத் தோணலை."

"அவரு?"

"லோரி வர்றவரைக்கும் கட்டில் மேல உட்கார்ந்திருந்தாரு. ரோட்டுல."

பூட்டுக்காரர் புதுப் பூட்டை மாட்டி, சாவியை அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கவில்லை. வாங்க மறந்துவிட்டார் என்று நினைத்து நான் வாங்கிக்கொண்டேன்.

"அழுதாரா?" என்று அக்கா ஜீவனிடம் கேட்டார்.

ஜீவன் யோசித்தார். "அங்கிள் அழலை. ஆன்டிதான். உடைக்கிறப்ப பூரா அழுதுக்கிட்டேதான் உடைச்சாங்க."

வீட்டுக்கு வந்ததும் இராமலிங்கம் அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "என்ன, ரோட்டுல நின்னானா?" என்று கேட்டார்.

"நின்னான். கட்டில் மேல உட்கார்ந்திருந்தானாம்" என்றார் அக்கா. பிறகு செருப்பைக் கழற்றாமலே அடுப்படிக்குப் போய்ப் போனை எடுத்து, தெரிந்த ஒரு கொண்ட்ராக்டரைக் கூப்பிட்டார். கழிப்பறை, கம்பி, கதவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கிச்சன் மேடையா? அதை அப்படியே விடுங்க பாஸ். அதைத் தொட வேணாம்."

அந்தப் பக்கம் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

"அது, தட்டித் தட்டிக் காட்டுனவங்களே உடைச்சது" என்றார்.